காதைப் பொத்திக் கொள்ளும் பிள்ளைகள்



மிக்ஸியின் ஒலி கேட்டவுடன் இரு காதுகளையும் பொத்திக் கொண்டு மூலையில் ஒடுங்கும் பிள்ளையைக் கண்டதுண்டா? புதுச் சட்டை கழுத்தில் பட்டாலே அலறும் பிள்ளையை? 'செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்' எனத் தாயைப் பழிக்கிறோம். அல்லது ஜின் தீண்டியதென்று தாயத்துக் கட்ட ஓடுகிறோம். இந்த ஓட்டத்தில் ஓரிரு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. பேச்சும் பழக்கமும் படிய வேண்டிய ஆண்டுகள் அவைதாம்.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 1943இல் 11 குழந்தைகளை ஆராய்ந்து இதனை விவரித்தார். தாயின் வளர்ப்பு இதற்குக் காரணமன்று. வீட்டில் உருது, தெருவில் தமிழும் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலம் என நம் ஓசூர்ப் பிள்ளைகள் பல மொழிகளுக்கிடையே வளர்வதும் காரணமன்று.

இப்பிள்ளைகளிற் பலருக்கு ஒலி, ஒளி, தொடுகை ஆகியவை மிகையாகவோ குறைவாகவோ உறைக்கின்றன. ஜீன் ஏயர்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார் 1972இல் வெளியிட்ட நூலில் புலன் ஒருங்கிணைப்புக் கொள்கையை விரித்துரைத்தார். ஊஞ்சல், பெரிய பந்து, பளுவான பொருள்கள் கொண்டு விளையாட்டாகவே நடைபெறும் சிகிச்சை இது. ஆடும்போது உட்செவியின் சமநிலை உணர்வும், பளுவைத் தள்ளும்போது தசை, மூட்டுகளின் உணர்வும் தூண்டப்படுகின்றன. (நம் பாட்டிமார் தூளி கட்டி ஆட்டியது நினைவுக்கு வருகிறதல்லவா!)

பலன் உண்டா? பிரிட்டனில் 138 பிள்ளைகளிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பைவிட இச்சிகிச்சை பிள்ளைகளின் எரிச்சலைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. பிற பயிற்சிகளோடு ஒரு பகுதியாகக் கொள்ளலாம், ஆனால் சான்றுகள் குறைவு என்பதைப் பெற்றோரிடம் கூறிவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இலேயே அறிவுறுத்தியது. ஆகவே, 'ஆறு மாதத்தில் பூரண குணம்' என்போரிடம் எச்சரிக்கையாயிருங்கள். சிப்காட் ஆலையில் இரவு ஷிப்டு பார்த்து ஈட்டிய பணமல்லவா அது! பல் துலக்கலா, முடி வெட்டிக்கொள்ளலா, எது மேம்படும், எத்தனை வாரத்தில் அளந்து பார்ப்பீர்கள் என்று கேளுங்கள்.

காசில்லாத உதவிகளும் உண்டு. மிக்ஸி போடுமுன் பிள்ளையிடம் சொல்லிவிடலாம். உறுத்தும் லேபிளை வெட்டியெறியலாம். மதரஸா உஸ்தாதுகளும் கவனிக்க வேண்டும்: முப்பது பிள்ளைகள் உரக்க ஓதும் கூடத்தின் நடுவே இவனை அமர்த்தாமல், வாயிலருகே அமர்த்தித் தனியே ஓத வைத்தால் என்ன?

பரிசோதனைக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை நம் ஓசூர் சாலையிலேயே உள்ளது. அங்கே குழந்தைகள் மனநலப் பிரிவு இயங்குகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்டிசமும் மாற்றுத்திறன் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அச்சான்றிதழ் நாடெங்கும் செல்லும். மத்திய அரசின் நிரமயா திட்டத்தில் சேர்ந்தால் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. பயிற்சிச் செலவின் ஒரு பகுதியையும் அதில் பெறலாம்.