பெருந்திரையும் உடனுழைப்போரும்

பலர் கூடிச் செய்யும் தொழிலில் ஒவ்வொருவரும் தத்தம் கடமையை அறிந்திருத்தல் மட்டும் போதாது. உடனுழைப்போர் அவ்வேளையில் யாது செய்கின்றனர் என்பதனையும் அறிந்திருத்தல் வேண்டும். சுவரளாவிய பெருந்திரையிற் பலர் ஒருங்கே தொழில்புரியும் இக்காலத்தில், அவ்வறிவு எங்ஙனம் உண்டாகின்றது என்பது ஆராய்தற்குரியது.

இலண்டன் நிலக்கீழ் இரயிற் சேவையின் பேக்கர்லூ பாதைக் கட்டுப்பாட்டறையைக் கிறிஸ்தியன் ஹீத், போல் லஃப் என்னும் இருவர் நுணுகி நோக்கி, தம் ஆய்வை 1992ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வண்டிகளின் நிலையைக் காட்டும் நீண்ட பாதைப்படமொன்று அவ்வறையில் அமைந்திருந்தது. கட்டுப்பாட்டாளர் சாரதியுடன் தொலைபேசியிற் பேசுவார். பயணிகளுக்கு அறிவித்தல் விடுக்கும் உதவியாளர் அருகே அமர்ந்திருப்பார். அவர், தம்மிடம் எவரும் கூறாதிருக்கவும், காதில் விழுந்த சொற்களாலும் பாதைப்படத்தாலும் நிலைமையை உணர்ந்து அறிவித்தலைத் தொடங்கிவிடுவார். ஓரிடத்திருத்தலின் பயன் இதுவே.

தொலைவிலிருப்பவர்க்கு இவ்வாய்ப்பில்லை. அவர் வரைந்த கோடு திரையிலே தோன்றும். வரையும் கை தோன்றாது. இக்குறையை நீக்க, அமெரிக்காவின் சீரொக்ஸ் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜோன் டாங், ஸ்கொட் மின்மன் ஆகியோர் 1991இல் ஒரு வழி காட்டினர். ஓரிடத்தில் வரைபவரின் நிழல், அவர் வரைந்தவற்றோடு மற்றையிடத்துப் பெருந்திரையில் விழுந்தது. அவர் வரைய முற்படுகின்றாரா, சுட்டுகின்றாரா, விலகி நிற்கின்றாரா என்பன நிழலாலே புலனாயின; ஆயின் அவர்தம் கண்கள் புலனாகவில்லை. 1992இல் யப்பானியராகிய ஹிரோஷி இஷி, மினோரு கொபயாஷி என்போர் அமைத்த 'கிளியர்போட்' அதனையும் நிறைவேற்றிற்று. கண்ணாடிப் பலகையொன்றின் இருபுறமும் நின்று இருவர் வரைவதுபோன்ற தோற்றத்தை அது தந்தது. உருவம் இடவலம் மாற்றிக் காட்டப்பட்டமையால் எழுத்து இருவர்க்கும் நேராகவே தெரிந்தது. மற்றவர் பார்வை படத்தின் எப்பகுதியிற் பதிந்துள்ளது என்பதும் விளங்கிற்று.

எனினும், அனைத்தையும் காட்டுதலே தீர்வாகாது. எல்லாரது அசைவுகளும் திரையை நிறைப்பின் வேலை மறைந்துபோம். மேலும், சிலர் ஓரறையிலும் சிலர் தொலைவிலும் இருக்குமிடத்து வேறொரு தீங்கு நேர்வதுண்டு. அறையிலிருப்போர் ஒரு பார்வையாலும் தலையசைப்பாலும் தம்முள் முடிவுசெய்துவிடுவர். தொலைவிலிருப்பவர் முடிவை மட்டுமே காண்பர். அம்முடிவிலே பிழையிருப்பினும் அதனைத் தடுக்கும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டுவதில்லை.

ஆதலின், தொலைவிலுள்ளாரின் கையையும் பார்வையையும் வேண்டுமளவிற்குத் தெரிவித்தல் கருவி செய்வோரின் பொறுப்பு. தாம் செய்யப்போவதை அவரும் கேட்குமாறு வாய்விட்டுரைத்தல் அறையிலிருப்போரின் கடமை.