சுற்றிப் போகிறவனே கெட்டிக்காரன்

"ராத்திரி முழுக்க ஒரே அரக்கனிடம் அடிவாங்கிச் சாகிறான். மறுபடியும் எழுந்து போய்ச் சாகிறான். இதில் என்ன சார் விளையாட்டு?" பிள்ளை 'எல்டன் ரிங்' ஆடும் வீட்டில் அப்பாவுக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். டீயை ஆற்றிக் குடியுங்கள், நிதானமாகப் பார்க்கலாம்.

இந்த கேம் 2022 பிப்ரவரி 25 அன்று வெளியானது. உருவாக்கியது ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம், இயக்குநர் ஹிடேடகா மியாசாகி. கதைக்குப் பின்னால் உள்ள புராணத்தை எழுதிக் கொடுத்தவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் அவருடைய நாவல்களிலிருந்து வந்ததுதான். ஆடுபவர், நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வரும் ஒரு போர்வீரர். உடைந்துபோன எல்டன் ரிங்கை மீட்டு அரியணை ஏற வேண்டும். கதை அவ்வளவு போதும்.

இப்போது சாவு விஷயத்துக்கு வருவோம். எதிரியைக் கொன்றால் 'ரூன்' கிடைக்கும். கடையில் அதுதான் காசு. உடல் வலுவையும் மந்திர பலத்தையும் கூட்டிக்கொள்ளச் செலவழிப்பதும் அதையேதான். செத்தால் கையிலிருந்த ரூன் மொத்தமும் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம். போகிற வழியில் இன்னொரு முறை செத்தால் எல்லாம் போச்சு. பையன் கூச்சல் போட்டால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

பல கேம்களில் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி வரும்: எளிது, நடுத்தரம், கடினம், எது வேண்டும்? எல்டன் ரிங்கில் அந்தக் கேள்வியே கிடையாது. எல்லாருக்கும் ஒரே அரக்கன், ஒரே அடி. அப்படியானால் புதிதாக ஆடுபவர் என்ன செய்வார்? இந்த கேமின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. மெனுவில் இல்லாத அந்தத் தேர்வை நிலப்பரப்புக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

முதல் குகையை விட்டு வெளியே வந்ததும் லிம்கிரேவ் என்ற பசுமையான நிலம். போகவேண்டிய திசையைத் தங்க நிறத்தில் ஓர் ஒளிக்கீற்று காட்டும். அதே பாதையில், தங்கக் கவசம் பூண்டு குதிரைமேல் ஒருவன் உலாத்திக்கொண்டிருப்பான். பெயர் ட்ரீ சென்டினல். புதியவர் வாளை உருவிக்கொண்டு போனால் இரண்டு மூன்று அடியில் கதை முடிந்துவிடும். ஆனால் அவனோடு சண்டை போட்டே ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. புதரோரமாக ஒதுங்கிப் போய்விடலாம். முதல் பாடம் அதுதான்.

இரண்டாம் பாடம் ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில். அங்கே காவல் நிற்கும் மார்கிட் என்பவனிடம் மாட்டிக்கொண்டு தவிக்காதவர் குறைவு. ஒளிக்கீற்று அவனைத்தான் காட்டும், அதனால் முட்டி முட்டிச் சாவார்கள். நடுவில் ஆடுபவர் தன் குதிரையைத் தெற்கே திருப்பினால் வீப்பிங் பெனின்சுலா என்ற தீபகற்பம் வரும். அங்குள்ள பாழடைந்த தேவாலயங்களில் மருந்துக் குடுவையின் வீரியத்தைக் கூட்டும் பொருள்கள் கிடைக்கும். சுரங்கங்களில் வாளைக் கூர்தீட்டும் கற்கள் இருக்கும். துணைக்கு ஆவிகளை அழைத்துக்கொள்ளவும் வழி உண்டு. இவ்வளவையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தால் மார்கிட் அதே மார்கிட்தான், வந்திருப்பவர்தான் வேறு ஆள். பரீட்சை ஹாலில் வாத்தியார் சொல்வாரே, வராத கணக்கை விட்டுவிட்டு வருகிறதைப் போடு என்று, அதே கதை.

அவனை ஒருபோதும் வெல்ல முடியவில்லையா? கோட்டைக்குப் பக்கத்திலேயே மலையோரமாக ஒரு பாதை போகிறது. அதில் போனால் லியூர்னியா ஏரிப் பகுதிக்கே போய்ச் சேரலாம். பிற்பாடு தலைநகர் லேண்டெலுக்குள் நுழைய இரண்டு 'கிரேட் ரூன்'கள் வேண்டும். இவை காசாகும் ரூன் அல்ல, பெரிய எதிரிகளை வென்று எடுப்பவை. யாரிடமிருந்து என்பது ஆடுபவர் இஷ்டம். மார்கிட்டையும் அவனுக்குப் பின்னால் இருக்கும் கோட்டை அதிபதி கோட்ரிக்கையும் தொடாமலேயே கேமை முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

மியாசாகி இதற்கு முன் இயக்கிய 'செகிரோ' (2019) இப்படியில்லை. அதில் எதிரே நிற்பவனை வெல்லாமல் பல இடங்களில் நகரவே முடியாது. மனம் வெறுத்துப் பாதியில் விட்டவர்கள் ஏராளம். எல்டன் ரிங்கில் சண்டையின் கடுமை குறையவில்லை. ஆனால் எப்போது, எவ்வளவு பலத்தோடு மோதுவது என்ற முடிவு ஆடுபவர் கைக்கு வந்துவிட்டது. கேமில் 'திறந்த உலகம்' என்றால் வேடிக்கை பார்க்கப் பரந்த நிலம் என்று நினைக்கிறோம். இங்கே அந்த நிலத்துக்கு ஒரு வேலை இருக்கிறது.

இந்த ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு. லேண்டெலைத் தாண்டிப் பனிமலைக்குப் போனபின் பாதை குறுகிவிடுகிறது. ஃபயர் ஜயன்ட், மாலிகெத் போன்றவர்களிடமிருந்து ஒதுங்கவே முடியாது. அதிகம் சுற்றிவிட்டு வந்தவருக்கோ மார்கிட் சப்பென்று விழுந்துவிடுவான். காத்திருந்த சண்டை ருசிக்காது. பாதாளக் கல்லறைகளில் பார்த்த அரக்கனையே திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அலுப்புதான்.

ஆகவே அடுத்த முறை பையன் கன்ட்ரோலரைத் தூக்கி எறியப் போனால், நிறுத்தச் சொல்லுமுன் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "தெற்குப் பக்கம் போய்ப் பார்த்தாயாடா?" போகவில்லை என்றால் அவன் இன்னும் பாதி கேமைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறான்.