சீகை நட்ட துறையே சீகை வெட்டுகிறது

ஊட்டியிலிருந்து அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் போகிறவர்கள் மலை முழுக்க மரமாக நிற்பதைப் பார்த்து வாய் பிளப்பார்கள். அதில் பெரும்பகுதி சீகை. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். அது நிற்கிற சரிவுகளில் பல, ஒரு தலைமுறைக்கு முன்புகூடப் புல்வெளியாக இருந்தவை. இது தெரிந்தபிறகு அந்தப் பச்சையைப் பழையபடி ரசிக்க என்னால் முடிவதில்லை.

விறகுத் தேவைக்காக வெள்ளைக்காரர்கள் தொடங்கி வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் மலைச்சரிவுகளை வரிசை வரிசையாக மூடியது சுதந்திரத்துக்குப் பிந்தைய நம் வனத்துறைதான். பழி முழுவதையும் துரைமார் தலையில் போடுவது வசதியான பழக்கம். சீகைப் பட்டை தோல் பதனிடப் போனது. யூகலிப்டஸ் எனப்படும் கற்பூர மரம் சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்குக் கூழாகப் போனது. அன்றைய திட்டக்காரர்கள் கண்ணுக்குப் புல்வெளி ஒரு காலி மனை. எத்தனை ஹெக்டேரில் நட்டோம் என்பதே சாதனைக் கணக்கு.

அந்தக் காலத்தில் காட்டுயிர் ஆய்வு என்றால் விலங்கை எண்ணுவது. 1960களின் இறுதியில் காட்டுயிர் ஆய்வாளர் ஜார்ஜ் ஷாலர் இங்கே வந்து வரையாட்டை ஆராய்ந்தார். நீலகிரிவாசியும் வழக்கறிஞருமான இ.ஆர்.சி. டேவிதார் மலை மலையாக நடந்து வரையாடுகளைக் கணக்கெடுத்தார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7ஆம் தேதியைத் தமிழக அரசு வரையாடு தினமாக வைத்திருக்கிறது. அவர்கள் ஆட்டை எண்ணிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஆடு மேயும் புல்லின் மேல் மரம் நடப்பட்டுக்கொண்டிருந்தது.

புல்வெளிக்கு மரியாதை வராததற்கு ஒரு நம்பிக்கையும் காரணம்: மேய்ச்சலுக்காகத் தீ வைத்துத் தீ வைத்துச் சோலைக்காடு அழிந்த இடமே புல்வெளி என்று பலர் எண்ணினார்கள். அப்படியானால் அங்கே மரம் நடுவது புண்ணியம்தானே! ஆனால் 1993இல் ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மலைப்புல்லில் பல வகைகள் கரியமில வாயுவை உள்வாங்கும் விதம் வேறு, மரங்களின் விதம் வேறு. அந்த வேறுபாடு மட்கிய பிறகும் மண்ணில் தங்கிவிடும். அடுக்கடுக்காகப் படித்தபோது, இருபதாயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே புல் இருந்தது தெரிந்தது. உறைபனி கருக்கும் திறந்த சரிவில் புல், ஈரம் தங்கும் மடிப்பில் சோலை என்பது மலையே வகுத்துக்கொண்ட ஏற்பாடு.

1988இன் தேசிய வனக் கொள்கைக்குப் பிறகு நடுவது ஓய்ந்தது. சீகை ஓயவில்லை. 1973 முதல் 2017 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்நிலப் புல்வெளியில் சுமார் 340 சதுர கிலோமீட்டர் அயல் மரங்களிடம் போய்விட்டதாகச் சொன்னது. கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு.

ஆகவே இன்றைய உயிரியலாளரின் வேலை தரையில். பைனாகுலர் கழுத்தில் தொங்கினாலும் அவர் பெரும்பாலும் முழங்காலில்தான் இருப்பார். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைச் சரிவில் வைத்து, உள்ளே எத்தனை புல் தூர், எத்தனை சீகைக் கன்று என்று எண்ணுகிறார். மரத்தை வெட்டிய இடத்தில் மறு மழைக்கே கன்றுகள் நாற்றங்கால் போட்டதுபோல் எழும்பி நிற்கும். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். தீ பட்டால் தோல் வெடித்து முளைக்கும். கூலிக்கு வரும் பெண்கள் மழை விட்ட ஈரத்தில் கன்றின் அடியைப் பிடித்து வேரோடு உருவுகிறார்கள். மண் காய்ந்தால் தண்டு முறியும், வேர் தங்கிவிடும். பக்கத்துச் சரிவில் தப்பிய புல்லின் தூரைப் பிரித்து, பையில் வேர்பிடிக்க வைத்து, தென்மேற்குப் பருவமழையோடு நடுகிறார்கள். அடுத்த ஆண்டும் களை பிடுங்கல், அதற்கடுத்த ஆண்டும்.

இங்கேதான் எனக்கு வருத்தம். வெட்டுவதற்குப் பணம் கிடைக்கிறது, ஃபோட்டோவும் நன்றாக வருகிறது. ஐந்தாம் ஆண்டுக் களையெடுப்புக்குக் கேட்டால் கோப்பு நகர்வதில்லை. நிதியாண்டு மார்ச்சில் முடியும். புல்லுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அயல் தாவரங்களை அகற்றி வாழிடத்தை மீட்க 2022இல் தமிழக அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. முதுமலையில் வெட்டும் சென்னா என்ற அயல் மரம் கரூர் மாவட்டத்துக் காகித ஆலைக்குப் போகிறது. அன்றும் கூழ், இன்றும் கூழ். இம்முறை திசை சரி. ஆனால் ஆலைக்கு மரம் போனதோடு வேலை முடிந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

யாரிடம் கேட்பது என்பதும் மாறியிருக்கிறது. தோடர்கள் தங்கள் கோயில் கூரை வேய்கிற புல் சதுப்புகளில் வளர்வது. எந்தச் சதுப்பில் அது இருந்தது, எது வற்றியது என்று முதியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்கிற ஆய்வாளர்கள் இப்போது இருக்கிறார்கள். நட்ட காலத்தில் கேட்டிருந்தால் பாதி வேலை மிச்சம். ஆட்டை எண்ணுவதும் நிற்கவில்லை; 2024இன் கணக்கெடுப்பு தமிழகத்தில் 1,031 வரையாடுகள் என்றது. இந்த எண்ணை இனிப் புல்லின் கணக்கோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எல்லாச் சீகையையும் வெட்டிவிடலாமா என்றால், அதுவும் சிக்கல். நாற்பது, ஐம்பது ஆண்டான பழைய தோட்டங்களில், சீகையின் நிழலிலேயே நாவலும் மற்றச் சோலை மரங்களும் முளைத்திருக்கின்றன. புல் திரும்ப வாய்ப்பில்லாத அந்த இடங்களில் சீகையை விட்டுவைப்பதே மேல் என்கிறார்கள் ஆய்வாளர்கள் சிலர். புல்வெளி ஓரத்தில் புதிதாக ஊர்ந்து வரும் இளங்கன்றுகளைத்தான் முதலில் பிடுங்கச் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. ஆனால் ஒப்பந்தக்காரருக்கு டன் கணக்கில் பணம் என்றால், அவர் முதலில் தேடிப்போவது பெரிய மரத்தைத்தான்.