கழிவில் போகாத கிலோ

உழைத்த உடம்பு – 7

சென்ற வாரம் தோள்பட்டையோடு நிறுத்தினோம். அங்கிருந்து நாலு விரற்கடை ஏறினால் பிடரி. இலங்கையின் பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள மலைகளில் இருபது, முப்பது வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்த அக்காமாரிடம் எங்கே வலி என்று கேட்டுப் பாருங்கள். இடுப்பைத் தொட்ட கை அடுத்துப் போவது அங்கேதான்.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் காரணம் தெரியும். உச்சந்தலையில் மடித்த துணி, அதன் மேல் கயிறு, கயிற்றின் முனையில் முதுகோடு ஒட்டிய கூடை. கூடை நிறைய நிறையக் கயிறு தலையைப் பின்னுக்கு இழுக்கும். கண் செடியின் மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதால் நாடி முன்னே தாழும். இந்த இழுபறியைப் பொழுதெல்லாம் தாங்குவது பிடரித் தசைதான். பிடி நிறைந்ததும் கொழுந்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுவார்கள். வீச்சுக்கு வீச்சு கழுத்தும் கொஞ்சம் திரும்பும். பல தோட்டங்களில் கூடை போய்ச் சாக்கு வந்துவிட்டது. தலைக் கயிறு மட்டும் இன்னும் முழுதாக இறங்கவில்லை. வேலை விட்டு வரும்போது அதே தலையில் விறகுக் கட்டு ஏறும்.

முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழப் பல தோட்டங்களில் 18 கிலோ எடுக்க வேண்டும். மழை நாளில் தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் கழிவு போகும். கழித்த கிலோவுக்குக் காசு இல்லை. ஆனால் அதையும் மலையிலிருந்து சுமந்து வந்தது அந்தக் கழுத்துதான்.

தலைச்சுமை கழுத்தை என்ன செய்யும் என்பதை மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் படம் பிடித்தே பார்த்தார்கள். 1997இல் வெளியான அந்த ஆய்வில் தலையில் பாரம் சுமப்போர் 35 பேர், சுமக்காதோர் 35 பேர். சுமப்போரில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தது. மற்றவர்களில் நாலில் ஒருவருக்குக்கூட இல்லை.

தேய்மானம் என்றால் எலும்பு அரைபட்டுப் போவதல்ல. கழுத்தில் ஏழு எலும்புகள். அவற்றுக்கு நடுவே இடைத்தட்டுகள். வயதோடு தட்டில் நீர் வற்றி அதன் உயரம் குறைகிறது. பாரம் பக்கத்து மூட்டுகளில் இறங்குகிறது. உடம்பு அதற்கு முட்டுக் கொடுக்கப் பார்த்து எலும்பின் ஓரத்தில் புதிதாக முளை விடுகிறது. ஐந்து, ஆறு, ஏழாம் எலும்புகளுக்கு நடுவேதான் இது அதிகம். முளை நரம்பை நெருக்கினால் வலி கைக்கு இறங்கும், விரல் மரத்துப் போகும். ஒன்றை மறக்கக் கூடாது: அறுபதைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, வலியே இல்லாதவர்களுக்கும், ஸ்கேனில் தேய்மானம் தெரியும். படத்தைப் பார்த்து மட்டும் யாரும் பயப்பட வேண்டியதில்லை.

வலி வந்தால் லயத்தில் முதலில் சித்தாலேப, அடுத்து பனடோல். அதற்கும் அடங்காவிட்டால் எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிக்கிற ஆச்சி. இப்போது நாலாவதாக ஒன்று கைபேசி வழியாக வந்திருக்கிறது. வெள்ளைக்காரர் ஒருவர் கழுத்தைப் பிடித்துச் சட்டென்று திருப்புவார், 'படக்' என்று சத்தம் கேட்கும், படுத்திருப்பவர் சிரித்துக்கொண்டே எழுவார். கைரோபிராக்டிக் என்று அதற்குப் பேர்.

இதைத் தொடங்கியவர் டி.டி. பால்மர். 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட்டில் காது மந்தமான ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தியதில் அவருக்குக் காது கேட்டதாம். எல்லா நோய்க்கும் மூலம் எலும்பு இடம் பிசகுவதே என்று பால்மர் முடிவு கட்டினார். அந்தக் கொள்கையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. அந்தச் சத்தமும் எலும்பு இடத்துக்குத் திரும்பும் சத்தமல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குழி உண்டாகும்போது வருவது. 2015இல் கனடாவில் விரல் மூட்டைச் சொடுக்கி எம்.ஆர்.ஐ.யில் அதைப் பார்த்தார்கள்.

அதற்காக வைத்தியமே வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சில வாரங்களாகக் கழுத்து வலியோடு இருந்த 272 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கைரோபிராக்டிக், ஒன்றுக்கு மாத்திரை, ஒன்றுக்கு வீட்டில் செய்யும் பயிற்சி. பன்னிரண்டு வாரம் கழித்துக் கைரோபிராக்டிக் மாத்திரையை முந்தியது. பயிற்சியை முந்தவில்லை, இரண்டும் ஏறத்தாழச் சமம். கழுத்தைத் திருப்பிக்கொள்ளச் சராசரியாக 15 தடவை போனார்கள். பயிற்சி கற்க இரண்டு தடவை போதுமாயிருந்தது. வைத்தியத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் பேர் போகும் ஊரில் இந்தக் கணக்கு பெரிது.

ஆபத்தையும் நிறுத்துப் பார்ப்போம். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு நாளங்கள் கழுத்தெலும்பின் துளைகள் வழியேதான் ஏறுகின்றன. வேகமாகத் திருப்பும்போது நாளத்தின் உட்சுவர் கிழிந்து பாரிசவாதம் வந்தவர்கள் உண்டு, மிக அபூர்வம். கிழிசலே முதலில் கழுத்து வலியாகக் காட்டி, அந்த வலிக்காக வைத்தியரிடம் போனவர்களும் அதில் சேர்ந்திருக்கலாம் என்று கனடாவின் ஒன்டாரியோவில் 2008இல் வந்த ஆய்வு சொன்னது. படித்தவர் கையிலேயே இவ்வளவு யோசனை தேவை. உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்தத் தொழிலுக்குக் கேட்பது 4,200 மணி நேரப் படிப்பு. முடி வெட்டி முடித்துச் சலூனில் இலவசமாக முறித்துவிடும் தம்பிக்கு அந்தப் படிப்பு ஏது?

தேய்ந்த கழுத்தில் எதைத் தொடவே கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். முளை நரம்பை விட்டு, முதுகெலும்பின் நடுவே ஓடும் முண்ணாணை நெருக்கினால் வலி அதிகம் இராது, கை தடுமாறும். சட்டைப் பொத்தான் போட நேரம் எடுக்கும். இரண்டு இலை ஒரு மொட்டு கிள்ளிய விரலில் கொழுந்து நழுவும். கால் விறைத்து, பழகிய படியிலேயே தள்ளாடும். குனிந்தால் முதுகில் கரண்ட் அடித்தாற்போல் இறங்கும். சிறுநீர் அடங்காது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆச்சியும் வேண்டாம், கைபேசி வைத்தியமும் வேண்டாம். பெரியாஸ்பத்திரிக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கேளுங்கள். விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, புற்றுநோயோ காசநோயோ இருந்தவருக்கு வரும் வலி எல்லாவற்றுக்கும் இதுவே விதி.

இவை இல்லாத சாதாரண வலிக்கு இயன்மருத்துவர் காட்டித் தருவது எளிது. நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சாய்க்காமல் நாடியை நேராகப் பின்னே இழுத்து விடுவது. தோள் சிப்பிகள் இரண்டையும் பின்னால் சேர்த்து விடுவது. கழுத்தை இரு பக்கமும் மெதுவாகத் திருப்புவது. தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை. ஒரே மூச்சில் முடிக்காமல் நாளில் பல தடவையாகப் பிரித்து. பாரம் தூக்கக் கூடாது, சத்தம் வரவும் வேண்டியதில்லை. தராசுக்கு வரிசையில் நிற்கும் நேரத்திலேயே ஒரு சுற்று முடிந்துவிடும்.

ஆனால் பயிற்சி மாலையில் சரிசெய்ததைக் கயிறு காலையில் மறுபடி இழுக்கும். பாரத்தைத் தலையிலிருந்து இரு தோளுக்கும் இடுப்புக்கும் இறக்கும் பட்டி, கூடை முழுதாக நிறையுமுன் ஒரு தடவை கூடுதலாக நிறுவை, மடுவம் வரை நடக்கும் தூரத்தைக் குறைப்பது என்று தோட்டம் செய்ய வேண்டியவை இருக்கின்றன. இவற்றுக்கு டாக்டர் சீட்டு தேவையில்லை. சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் கிலோவைப் பற்றிப் பேசுகின்றன. அந்தக் கிலோ எந்த எலும்பில் உட்கார்ந்து வருகிறது என்பதையும் அதே மேசையில் பேசட்டும்.

அடுத்த வாரம்: மலை இறங்கும் முழங்கால்.

(தொடரும்)