மஞ்சள் போடாத மஞ்சள் மீ

தேக்கா சந்தையில் மீ கோரிங் சாப்பிட்டிருப்பீர்கள். லோமி சாப்பிட்டிருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்ச்சர்ட் சாலை லக்கி பிளாசாவில் விடுமுறையைக் கழிக்க பிலிப்பீன்ஸ் அக்காக்கள் கூடுவார்களே, அவர்கள் ஊர் சூப்பு அது. பத்தாங்காஸ் என்ற மாகாணம் அதற்குப் பேர்போனது. கொழகொழவென்ற கெட்டிச் சாறு, முட்டை, ஈரல், உள்ளே தடித்தடியான மஞ்சள் மீ!

நம் உணவங்காடிகளில் கிடைக்கும் லோர் மீ, லோமிக்கு உடன்பிறப்பு. கடல் கடந்து வந்த ஹொக்கியன் சீனர்கள்தாம் லோர் மீ என்ற பெயரை இரண்டு ஊருக்கும் கொண்டுவந்தார்கள்.

லோமி, லோர் மீ, மீ கோரிங் மூன்றிலும் மீ மஞ்சளாகவே இருக்கிறது. கோதுமை மாவோ வெள்ளை. மஞ்சள் எங்கிருந்து வந்தது?

முட்டையோ சாயமோ சேர்ப்பவர்களும் உண்டு. ஆனால் அவை இல்லாமலே மீ மஞ்சளாகும். காரணம், காரம்! மிளகாய்க் காரம் இல்லை. அப்பளக்காரத்தில் இருக்கிற காரம். பாட்டி அப்பள மாவில் அதைச் சேர்ப்பது போல, மீ செய்பவர்கள் சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் என்ற உப்புகளைச் சேர்க்கிறார்கள். 100 கிராம் மாவுக்குச் சுமார் 1 கிராம் போதும்.

கோதுமையில் ஃபிளாவனாய்டு என்ற பொருள்கள் உண்டு. சாதாரண மாவில் அவற்றுக்கு நிறம் தெரியாது. காரம் பட்டதும் மஞ்சளாகிவிடும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதுவும் இதே மாதிரி வேலைதான். சுண்ணாம்பும் ஒரு காரம்.

காரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கோதுமை மாவைப் பிசையும்போது குளூட்டன் என்ற புரத வலை உருவாகும். காரம் அந்த வலையை இறுக்கும். அதனால்தான் கொதிக்கும் சாற்றில் கிடந்தாலும் மீ சட்டென்று குழைவதில்லை, கடித்தால் துள்ளுகிறது. இடியாப்பத்தைச் சூடான குழம்பில் ஊறவிட்டுப் பாருங்கள், உதிர்ந்துவிடும். அரிசி மாவில் குளூட்டன் கிடையாது.

அம்மாவிடம் கேட்டுவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரையுங்கள். சமையல் சோடா போடுங்கள், செம்பழுப்பாகும். இப்போது எலுமிச்சை பிழியுங்கள். நுரைத்துப் பொங்கி, மறுபடியும் மஞ்சளாகும். புளிப்பு காரத்தை அடக்கிவிட்டது!

லோமியில் கலமான்சி என்ற சிறு எலுமிச்சையைப் பிழிகிறார்கள். லோர் மீயில் கறுப்பு வினிகர் ஊற்றுகிறார்கள். அதற்கு ஒரு காரணத்தை இப்போது நீங்களே சொல்வீர்கள்.