பாகவந்தி செய்தது சரியா? தொடர் நாடகங்களும் இரசிகர் விவாதங்களும்

மாலையில் தொலைக்காட்சித் தொடர் முடிந்தவுடன் பல வீடுகளில் இன்னொரு நாடகம் தொடங்கிவிடுகிறது. "மருமகள் அப்படி எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாது" என்பார் பாட்டி. "பேசாமல் வேறென்ன செய்வாள்?" என்பார் அம்மா. "கதாசிரியரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது, அதனால்தான் இழுக்கிறார்" என்பார் அப்பா. இதையெல்லாம் வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் சற்று ஆழ்ந்து நோக்கினால், கதை மாந்தரைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொண்டு நாம் நம்மைப் பற்றியே பேசுகிறோம் என்பது விளங்கும். அதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடர் நாடகத்தை ஆங்கிலத்தில் 'சோப் ஆப்பரா' என்கிறார்கள். நாடகத்திற்கும் சோப்புக்கும் என்ன உறவு? 1930களில் அமெரிக்க வானொலியில் இல்லத்தரசிகளுக்காகப் பகல் வேளையில் தொடர் நாடகங்கள் ஒலிபரப்பாயின. அவற்றின் செலவைப் பெரும்பாலும் சோப்புக் கம்பெனிகள் ஏற்று, இடையிடையே தங்கள் விளம்பரங்களைச் சேர்த்தன. அதனால் வந்த பெயரே இது.

திரைப்படத்தைப் பற்றி நாம் வாதிடும்போது கதை முடிந்து போயிருக்கும். தொடரிலோ கதை நடுவழியில் நிற்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு முடிச்சில் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த பகுதி வரும்வரை நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. நாம் நினைத்தபடி கதை திரும்பக்கூடும் என்ற நம்பிக்கையும் பிறக்கிறது. வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்த பாட்டிமார்களுக்கு இந்தத் தவிப்பு புதிதன்று.

இரசிகர் விவாதத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, இந்தியத் தொலைக்காட்சியின் முதல் நெடுந்தொடரான 'ஹம் லோக்' ஆகும். இந்தியில் இதற்கு 'நாம்' என்று பொருள். 1984ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் தூர்தர்ஷனில் தொடங்கிய இத்தொடர், 150க்கும் மேற்பட்ட பகுதிகளாக வளர்ந்து, 1985 டிசம்பரில் நிறைவுற்றது. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி, இயக்கியவர் பி. குமார் வாசுதேவ்.

இதன் வித்து மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது. அங்கே மிகுவேல் சபிதோ என்பவர் முதியோர் கல்வி, குடும்ப நலம் முதலிய கருத்துகளைத் தொடர் நாடகங்களின் வழியே பரப்பி வந்தார். அவர் முறையில் மூவகை மாந்தர் உண்டு. முதல் வகையினர் நன்மை செய்து நற்பலன் பெறுவர். இரண்டாம் வகையினர் தவறு செய்து துன்புறுவர். மூன்றாம் வகையினர் நம்மைப் போல் இரண்டுக்கும் நடுவில் தடுமாறி, பின்னர் திருந்துவர். பார்ப்பவர் தாமாகவே நல்வழியைத் தேர்ந்துகொள்வர் என்பது அவர் எண்ணம்.

'ஹம் லோக்' ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கதை. தந்தை பசேசர் ராம் குடிப்பழக்கத்திற்கு அடிமையானவர். தாய் பாகவந்தி வீட்டுக்காகவே உழைத்துத் தேய்பவள். தாத்தா, பாட்டி, வேலையில்லாத மூத்த மகன் லல்லு, கிரிக்கெட் கனவு காணும் இளைய மகன் நன்ஹே, பட்கி, மஜ்லி, சுட்கி என்னும் மூன்று பெண்கள் ஆகியோரும் அவ்வீட்டில் வாழ்கின்றனர். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூத்த நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்று நடந்ததைச் சுருக்கிச் சொல்லி, பார்ப்பவர்களிடம் சில கேள்விகளைக் கேட்பார். பிறகு தொடரின் பெயரை இந்தியாவின் பல்வேறு மொழிகளில் சொல்லி விடைபெறுவார். கேள்வி கேட்டால் பதில் வரத்தானே செய்யும்? ஏறக்குறைய 4,00,000 கடிதங்கள் வந்து குவிந்தன!

விவாதத்தின் மையமாக விளங்கியவள் பாகவந்தி. கணவனின் ஏச்சையும் மாமியாரின் குத்தல் பேச்சையும் அவள் வாய் திறவாமல் பொறுத்துக்கொள்வாள். 'பெண்கள் இப்படி அடங்கிக் கிடக்கலாகாது' என்று காட்டவே தொடரை உருவாக்கியவர்கள் அவளைப் படைத்தனர். அதாவது, பின்பற்றக் கூடாத எடுத்துக்காட்டாக அவளை நிறுத்தினர். ஆனால் நடந்ததோ வேறு. பெண்கள் பலர் அவளைப் பொறுமையின் வடிவமாகக் கண்டு, அவளைப் போலவே வாழ வேண்டும் என்றனர். வேறு சிலரோ, 'இவள் ஏன் எழுந்து நிற்க மறுக்கிறாள்?' என்று சினந்தனர். அர்விந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் என்னும் ஆய்வாளர்கள் இரசிகர்களின் கடிதங்களை ஆராய்ந்து இதை வெளிப்படுத்தினர். 1987இல் டில்லி, புனே, சென்னை ஆகிய நகரங்களிலும் அவற்றைச் சுற்றிலும் மக்களைச் சந்தித்து இத்தொடரைப் பற்றி ஆய்வும் நடந்தது.

எழுதியவர் நினைத்தது ஒன்று, பார்த்தவர் கண்டது மற்றொன்றாய் ஆனது ஏன்? பாகவந்தி தவறு செய்து துன்புறவில்லை. பிறர் செய்த தவறுக்காகத் துன்புற்றாள். துன்புறும் நல்லவரைக் கண்டால் நமக்கு இரக்கம் சுரக்கிறது. இரக்கம் மெல்ல மரியாதையாக மாறுகிறது. மேலும், 'கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்' என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு, அவள் மௌனம் எச்சரிக்கையாகப் படவில்லை, பாராட்டாகவே பட்டது. தன்னைப் போலவே வாழ்ந்த ஒருத்தியைத் திரையில் கண்ட தாய்மார்கள், 'உன் வாழ்க்கை தவறு' என்பதை எப்படி எளிதில் ஏற்பர்? எனவே பாகவந்தியை ஆதரித்தவர்களை அறியாதவர்கள் என்று எள்ளி நகையாடுவது முறையன்று. அவர்கள் தங்கள் உழைப்புக்கும் பொறுமைக்கும் மதிப்புத் தேடினார்கள்.

மகள்களைப் பற்றியும் விவாதம் எழ இடமிருந்தது. நடுமகள் மஜ்லி நடிகையாகும் ஆசையில் பம்பாய்க்குச் சென்று ஏமாற்றப்படுகிறாள். இளையவள் சுட்கியோ மருத்துவராக விரும்பிப் படிக்கிறாள். ஒரு பெண்ணின் கனவுக்குத் தண்டனை, மற்றொரு பெண்ணின் கனவுக்கு ஆதரவு! மஜ்லியின் தவறு ஆசைப்பட்டதா, அல்லது அவளை ஏமாற்றியவர்களிடம்தான் தவறு இருக்கிறதா? இக்கேள்வி மாணவியராகிய எங்களுக்கு மிகவும் முக்கியமானதாகத் தோன்றுகிறது.

கதையின் போக்கை மாற்றும் வல்லமையும் இரசிகர்களுக்கு உண்டு. தொடக்கத்தில் 'ஹம் லோக்' குடும்பக் கட்டுப்பாட்டுக் கருத்தையே அழுத்தமாக முழங்கியது. பாடம் கேட்கும் உணர்வு மக்களுக்கு ஏற்பட, அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. முதல் 13 பகுதிகளுக்குப் பிறகு அக்கருத்தைக் குறைத்து, குடும்ப உறவுகளுக்கு முதலிடம் தந்தனர். மூத்த மகள் பட்கி மண முடிவெடுக்கத் தயங்கியபோது, 'அஷ்வினியை மணந்துகொள்' என்று கடிதங்கள் அறிவுரை கூறின. மணம் முடிந்ததும் வாழ்த்துகளும் வந்தன!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1960 முதல் ஓடிக்கொண்டிருக்கும் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில், 1998ஆம் ஆண்டு டெய்ர்ட்ரி என்ற பெண் செய்யாத குற்றத்திற்குச் சிறை செல்வதாகக் காட்டினர். 'அவளை விடுதலை செய்க' என்று இரசிகர்கள் இயக்கமே நடத்தினர். அன்றைய பிரதமர் டோனி பிளேர் கூட அவளுக்கு ஆதரவாக வேடிக்கையாய்ப் பேசினார். சில வாரங்களில் கதையில் அவள் விடுதலையானாள். கற்பனைப் பாத்திரத்திற்கு இவ்வளவா என்று சிரிப்பு வரலாம். ஆனால் குற்றமற்றவர் தண்டிக்கப்படலாகாது என்ற நீதியுணர்வு கற்பனையன்று.

அப்படியானால் நாம் எப்படி விவாதிக்க வேண்டும்? முதலாவதாக, நடிகர் வேறு, பாத்திரம் வேறு என்பதை மறக்கலாகாது. தீயவளாக நடிப்பவரைத் தெருவில் கண்டு திட்டுவது பேதைமை. இரண்டாவதாக, 'இவள் நல்லவளா?' என்று கேட்பதோடு, 'இவளை இப்படிப் படைத்தவர் நமக்கு என்ன சொல்ல வருகிறார்?' என்றும் கேட்க வேண்டும். மூன்றாவதாக, நமக்கு மாறாகப் பேசுபவர் ஏன் அப்படிக் கருதுகிறார் என்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஏனெனில் பாட்டியின் பாகவந்தியும் பேத்தியின் பாகவந்தியும் ஒருத்தியல்லர்.

எங்கள் கருத்து என்னவென்று கேட்பீர்களாயின், பொறுமை மிக உயர்ந்த பண்பு என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. நோயுற்றவரைப் பேணவும், பிள்ளைகளை வளர்க்கவும், பிறர் குறையை மன்னிக்கவும் அது வேண்டும். ஆனால் அநீதியின் முன் ஊமையாக நிற்பதற்கும் பொறுமை என்றே பெயர் சூட்டினால், அநீதி செய்பவர் என்றும் திருந்தமாட்டார். பாகவந்தியின் அன்பைப் போற்றுவோம். அவள் மௌனத்தைப் பின்பற்ற மாட்டோம்.

அன்புள்ள பெற்றோர்களே! தொலைக்காட்சியை அணைத்த பின் உங்கள் பெண்களோடு சிறிது நேரம் பேசுங்கள். 'அவள் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். நாங்கள் சொல்லத் தயங்கும் பல செய்திகளை, ஒரு கதைப் பெண்ணின் பெயரால் எளிதில் சொல்லிவிடுவோம்.