செல்லாத நோட்டுக்கு ஏன் இந்த கிராக்கி? உலக நோட்டு சேகரிப்பில் இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒன்றுக்குப் பக்கத்தில் 14 பூஜ்யங்கள். நம்ம ஊர் கணக்கில் சொன்னால் ஒரு கோடி கோடி. 2009 ஜனவரியில் ஜிம்பாப்வே ரிசர்வ் வங்கி வெளியிட்ட 100 டிரில்லியன் டாலர் நோட்டில் அச்சான எண் இது. பணவீக்கம் தறிகெட்டு ஓடியதால், அடுத்த மாதமே அந்த நாட்டு நாணயத்திலிருந்து 12 பூஜ்யங்களை வெட்டினார்கள். ஏப்ரலில் அந்த நாணயத்தையே கைவிட்டார்கள்.

2015இல் ஜிம்பாப்வே அரசு இந்தப் பழைய நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ரொக்கமாகக் கொண்டுவந்தவர்களுக்கு 250 டிரில்லியனுக்கு 1 அமெரிக்க டாலர் கிடைத்தது. அதாவது 100 டிரில்லியன் நோட்டு ஒன்றுக்கு 40 சென்ட். ஆனால் அதே நேரத்தில், அதே நோட்டுக்கு உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் பல டாலர்கள் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கடையில் ஒரு டீ கூட வாங்க முடியாத காகிதத்துக்கு இப்படி ஒரு விலை எப்படி வருகிறது? இது புரிந்துவிட்டால் நோட்டு சேகரிப்பு என்ற பொழுதுபோக்கில் பாதி புரிந்த மாதிரி. ஃபேஸ்புக்கில் 'பழைய 5 ரூபாய் நோட்டுக்கு லட்ச ரூபாய்' என்று வரும் விளம்பரத்தில் ஏமாறாமல் தப்பிக்கவும் இதுதான் வழி.

அது என்ன நோட்டாஃபிலி?

தபால்தலை சேகரிப்புக்கு 'ஃபிலாட்டலி' என்று பெயர் இருப்பதுபோல், காகிதப் பணம் சேகரிப்பதற்கு 'நோட்டாஃபிலி' என்று பெயர். நாணயவியலின் ஒரு கிளைதான் இது. 1961இல் தொடங்கப்பட்ட சர்வதேச பேங்க் நோட் சங்கம் இந்தத் துறையின் பழைய அமைப்புகளில் ஒன்று. புதிதாக வெளியாகும் நோட்டுகளில் சிறந்த ஒன்றை ஒவ்வோர் ஆண்டும் தேர்ந்தெடுத்து விருது கொடுக்கிறார்கள்.

உலகத்தில் வெளியான நோட்டுகள் எல்லாவற்றையும் யாராலும் சேர்க்க முடியாது. அதனால் ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சிலர் நாட்டுக்கு ஒன்று என்று சேர்ப்பார்கள். சிலருக்கு விலங்குகள் உள்ள நோட்டு மட்டும் போதும். நேபாள நோட்டுகளின் முன்பக்கம் எவரெஸ்ட் இருக்கும், பின்பக்கம் திருப்பினால் யானை, புலி, காண்டாமிருகம் என்று ஒரு சரணாலயமே இருக்கும். வேறு சிலர் பாலிமர் நோட்டுகளின் பக்கம் போவார்கள். 1988இல் ஆஸ்திரேலியா வெளியிட்ட 10 டாலர் நினைவு நோட்டிலிருந்து அந்த வரலாறு தொடங்குகிறது.

ஒரு நோட்டு என்ன கதை சொல்லும்?

பர்மாவின் (இன்றைய மியான்மர்) 45, 90 கியாட் நோட்டுகளைப் பாருங்கள். எந்த நாட்டிலாவது 45 ரூபாய் நோட்டு இருக்குமா? 1987 செப்டம்பரில், நே வின் ஆட்சி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று திடீரென அறிவித்தது. மாற்று நோட்டும் தரவில்லை. கையில் ரொக்கமாகச் சேர்த்து வைத்திருந்தவர்களின் சேமிப்பு ஒரே நாளில் போனது. பிறகு வந்தவைதான் 45ம் 90ம். இரண்டுமே ஒன்பதால் வகுபடும் எண்கள். ஒன்பது நே வின்னுக்கு ராசியான எண் என்பார்கள். 1988இல் அங்கே வெடித்த மக்கள் எழுச்சிக்கு இந்த நோட்டு ஒழிப்பும் ஒரு முக்கியக் காரணம். ஆல்பத்தில் அந்த 45 கியாட் நோட்டு இருந்தால், அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

நம்ம ரிசர்வ் வங்கியின் நோட்டுகளிலும் அப்படி ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் குவைத், பஹ்ரைன், கத்தார் போன்ற வளைகுடாப் பகுதிகளில் இந்திய ரூபாய்தான் புழக்கத்தில் இருந்தது. அந்த ரூபாயை வைத்துத் தங்கக் கடத்தல் நடந்ததால், 1959இல் வளைகுடாவுக்கு என்றே தனி நோட்டுகளை இந்தியா வெளியிட்டது. வரிசை எண் 'இசட்' எழுத்தில் தொடங்கும், நிறமும் வேறாக இருக்கும். ஹஜ் பயணிகளுக்காக வெளியான 10, 100 ரூபாய் நோட்டுகளில் 'எச்ஏ' என்று இருக்கும். வளைகுடா நாடுகள் ஒவ்வொன்றாகச் சொந்த நாணயத்துக்கு மாறிய பிறகு இவை திரும்பப் பெறப்பட்டன. மிஞ்சியவை குறைவு என்பதால் இன்று விலை அதிகம்.

தமிழ் எழுத்துக்காக மட்டும் நோட்டு சேர்க்கலாமா? தாராளமாக. இந்திய நோட்டின் பின்பக்க மொழிப் பட்டியலில் 15 மொழிகள் ஆங்கில அகரவரிசைப்படி இருக்கும். அதில் தமிழ் 13ஆவது. இலங்கை நோட்டுகளில் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழும் இருக்கும். மொரிஷியஸ் ரூபாயிலும் தமிழ் உண்டு. 1998இல் அங்கே வெளியான புதிய நோட்டுகளில் தமிழுக்கு முன்னால் இந்தி வைக்கப்பட்டதால் மொரிஷியஸ் தமிழர்கள் கடும் எதிர்ப்பு தெரிவித்தார்கள். கடைசியில் அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, அடுத்த ஆண்டே தமிழை இந்திக்கு முன்னால் வைத்துப் புதிய நோட்டுகள் வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு போராட்டத்தின் முன்னும் பின்னும் தெரியும்.

விலையை எது தீர்மானிக்கிறது?

முதலில் ஒன்றை மறந்துவிடுங்கள்: நோட்டு பழசாக இருந்தால் விலை அதிகம் என்ற நம்பிக்கையை. முதல் உலகப் போர் காலத்திலும் அதற்குப் பிறகும் ஜெர்மனியின் ஊராட்சிகளும் நகரங்களும் 'நோட்கெல்ட்' என்ற அவசரகாலப் பணத்தை அச்சடித்தன. நூறு வருடம் தாண்டியும் அவற்றில் பல மலிவாகக் கிடைக்கின்றன. காரணம், அவ்வளவு அச்சடித்திருக்கிறார்கள்.

நோட்டில் அச்சான எண்ணும் விலையைச் சொல்லாது. புழக்கத்துக்கு வந்த நோட்டுகளிலேயே மிகப் பெரிய எண் கொண்டது 1946இல் ஹங்கேரி வெளியிட்ட பெங்கோ நோட்டு. ஒன்றுக்குப் பின்னால் 20 பூஜ்யங்களுக்குச் சமம் அது.

உண்மையில் விலை மூன்று விஷயங்களில் நிற்கிறது.

எத்தனை மிச்சம்: எத்தனை அச்சடித்தார்கள் என்பதைவிட, இப்போது எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதுதான் கணக்கு.

எத்தனை பேர் தேடுகிறார்கள்: ஜிம்பாப்வே நோட்டு அரிதானதே இல்லை. ஆனாலும் அதை ஒருமுறையாவது கையில் வைத்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஏராளம். அதனால்தான் அந்த விலை.

எந்த நிலையில் இருக்கிறது: இங்கேதான் புதியவர்கள் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். மடிப்பே இல்லாத, கை படாத நோட்டை 'யுஎன்சி' என்பார்கள். அன்-சர்குலேட்டட் என்பதன் சுருக்கம். அதிலிருந்து ஏயு, எக்ஸ்எஃப், விஎஃப், எஃப் என்று தரம் இறங்கிக்கொண்டே போகும். நடுவில் ஒரே ஒரு மடிப்பு விழுந்தாலும் அது யுஎன்சி கிடையாது. அரிய நோட்டாக இருந்தால் அந்த ஒரு மடிப்பே விலையைப் பெரிதாக இறக்கிவிடும்.

உலக நோட்டுகளுக்கு ஒரு பொது அடையாள எண்ணும் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்பர்ட் பிக் தயாரித்த பட்டியலின் பெயரால் அது 'பிக் எண்' எனப்படுகிறது. ஜிம்பாப்வேயின் 100 டிரில்லியன் நோட்டு 'பி-91'. ஆன்லைனில் தேடும்போது நாட்டின் பெயரோடு இந்த எண்ணையும் போட்டால் சரியான நோட்டு கிடைக்கும்.

எப்படித் தொடங்கலாம்?

மாதச் சம்பளத்தில் பெரிய ஓட்டை விழ வேண்டிய அவசியமே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடமோ, ஆபீஸ் வேலையாகப் போய்வரும் நண்பரிடமோ கேட்டுப் பாருங்கள். பயணம் முடிந்து பர்ஸில் மிஞ்சும் சின்ன மதிப்பு நோட்டுகள்தான் பலருடைய ஆல்பத்தின் முதல் பக்கம். வியட்நாம், இந்தோனேசியா, நேபாளம், இலங்கை நோட்டுகள் எளிதில் கிடைக்கும்.

அடுத்த கட்டமாக, ஊரில் நடக்கும் நாணயக் கண்காட்சிக்கு ஒருமுறை போய்வாருங்கள். நோட்டைக் கையில் வைத்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பைத் தேடிப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. முதல் தடவை எதுவும் வாங்காமல் வந்தாலும் நஷ்டமில்லை. ஒரே நோட்டுக்கு நாலு கடைகளில் விலை கேட்டாலே சந்தை புரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஜிம்பாப்வே நோட்டு மாதிரியே தங்க நிறத் தாளில் அச்சடித்ததும் விற்கப்படுகிறது. அது வெறும் அலங்காரப் பொருள். எந்த வங்கியும் வெளியிட்டதில்லை.

வீட்டில் தாத்தாவின் பெட்டியில் பழைய வெளிநாட்டு நோட்டு கிடைத்தால், செல்லாது என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் மார்க்கை அந்நாட்டின் மத்திய வங்கி கால வரம்பு இல்லாமல் மாற்றித் தருகிறது. 1.95583 மார்க்குக்கு 1 யூரோ. ஆனால் பிரெஞ்சு ஃபிராங்க் நோட்டுகளுக்கு அந்தக் கதவு 2012இலேயே மூடிவிட்டது.

பத்திரப்படுத்துவதில் செய்யும் தவறுகள்

அழுக்கு நோட்டைக் கழுவி, இஸ்திரி போட்டு 'புதுசு' ஆக்குவது பலர் செய்யும் முதல் தப்பு. அனுபவம் உள்ளவர்கள் அதைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிடுவார்கள். கழுவிய நோட்டுக்கு அச்சின் மேடுபள்ளம் மங்கியிருக்கும், தாளின் மொடமொடப்பும் போயிருக்கும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவது அடுத்த தப்பு. அந்தப் பசை மஞ்சளாகிக் கறையாகத் தங்கிவிடும்.

மலிவான பிவிசி உறைகளும் ஆபத்துதான். அதில் இருக்கும் ரசாயனம் நாளாக ஆக நோட்டில் இறங்கும். 'பிவிசி இல்லாதது' என்று குறிப்பிட்ட உறைகளைக் கேட்டு வாங்குங்கள். சென்னை மாதிரி ஈரப்பதம் அதிகமுள்ள ஊரில் ஆல்பத்தோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வைப்பது நல்லது. வெயில் படும் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டினால் நிறம் வெளுத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொழுதுபோக்கு என்றாலும் கையில் இருப்பது பணம். அதனால் இரண்டு விதிகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, வெளிநாட்டு நோட்டு. இந்தியாவில் வசிப்பவர்கள் பொதுவாக மொத்தம் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டுகளை வைத்திருக்கலாம். காசுகளுக்கு வரம்பு இல்லை. வெளிநாடு போய் வந்தவர்கள் அந்த வரம்புக்கு மேல் மிஞ்சியதை 180 நாட்களுக்குள் வங்கியிலோ அங்கீகாரம் பெற்ற பண மாற்றகத்திலோ ஒப்படைக்க வேண்டும். சின்ன மதிப்பு நோட்டுகளைச் சேர்ப்பவர்கள் இந்த எல்லையைத் தொடவே மாட்டார்கள்.

இரண்டாவது, பலரும் கவனிக்காதது. 2016 நவம்பர் 8 அன்று செல்லாது என அறிவிக்கப்பட்ட பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகளை நினைவுக்காக எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியாது. 2017இல் வந்த சட்டப்படி, ஒருவர் மொத்தம் 10 நோட்டுகள் வரைதான் வைத்திருக்கலாம். ஆய்வு, நாணயவியல் போன்ற நோக்கங்களுக்கு 25 நோட்டுகள் வரை. மீறினால் 10,000 ரூபாய் அல்லது நோட்டுகளின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். 2,000 ரூபாய் நோட்டு இதில் வராது. அது 2023இல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது, ஆனால் செல்லாததாக அறிவிக்கப்படவில்லை.

'டிராக்டர் நோட்டு இருக்கா? லட்சாதிபதி ஆகலாம்!'

இந்த விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய், 786 என்று முடியும் நோட்டு, நட்சத்திரக் குறி போட்ட நோட்டு... எதைச் சொன்னாலும் விலை லட்சத்தில்தான் ஆரம்பிக்கும்.

உண்மை என்ன? டிராக்டர் நோட்டு பெருமளவில் அச்சடிக்கப்பட்டது. நட்சத்திரக் குறி என்பது, அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாகச் சேர்க்கப்பட்டது என்பதற்கான அடையாளம். 10, 20, 50 ரூபாய் நோட்டுகளில் 2006இலிருந்து இருக்கிறது. 786க்கு ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள், அதனால் நோட்டின் மதிப்பைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம். லட்சம் என்பது தூண்டிலில் மாட்டிய புழு.

மோசடி நடக்கும் விதம் எப்போதும் ஒன்றுதான். முதலில் நோட்டின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். அடுத்து, 'செலக்ட் ஆயிடுச்சு' என்பார்கள். பிறகு பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, கமிஷன் என்று உங்களிடமே பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரும் லோகோவும் போட்ட கடிதம்கூட வரும். 2021 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரித்தது. பழைய நோட்டு வாங்குவது விற்பதில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் சார்பில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

நினைவில் வைக்க ஒரே ஒரு விதி போதும்: உங்கள் நோட்டை வாங்குபவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். விற்பதற்காக நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்று யார் சொன்னாலும், அந்த நம்பரை பிளாக் செய்துவிடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டதா? தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

முதலீடா, பொழுதுபோக்கா?

நோட்டு வாங்கி வைத்தால் விலை ஏறுமா என்று கேட்பவர்கள் அதிகம். சிலவற்றுக்கு ஏறியிருக்கிறது, பலவற்றுக்கு அப்படியே நிற்கிறது. விற்க நினைக்கும் நாளில் வாங்க ஆள் இருக்க வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். இஎம்ஐ கட்டும் பணத்தையோ அவசரத்துக்கு வைத்த சேமிப்பையோ இதில் போடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

மாதம் ஒரு சினிமாவுக்கு ஆகும் செலவை ஒதுக்கினால், ஒரு வருடத்தில் நல்ல ஆல்பம் ஒன்று தேறிவிடும். ஒவ்வொரு நோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சீட்டில் நாடு, ஆண்டு, பிக் எண், வாங்கிய விலை, யாரிடமிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து அந்த நோட்டை யாருக்காவது காட்டும்போதோ விற்கும்போதோ, அந்தச் சீட்டும் கேட்கப்படும்.